ஈடு செய்ய முடியாத இழப்பு

குவீன்ஸ்டவுன், சிங்கப்பூர்
திங்கள் இரவு

அன்புள்ள நண்பா,

தீபாவளிக்கு நீ ஈப்போவிலிருந்து அனுப்பிய முறுக்கு கிடைத்தது என்றுகூட இதுவரை எழுதவில்லை. திட்டுவதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால்தான் கட்டுக்குள் இல்லை.

ரயில் தாத்தா நேற்று மாலை போய்விட்டார். பத்து மாடி வீட்டின் நடைபாதையில் நாற்காலி போட்டு அமர்ந்து, சத்தத்தைக் கேட்டே சரக்கு ரயிலா பயணிகள் ரயிலா என்று சொன்னவர், ரயில்வே தொழிலாளர்கள் 1932-இல் தண்டவாளத்தருகே தொடங்கிய முனீஸ்வரன் கோவிலுக்கு நம் இருவரையும் இரு கையில் பிடித்து அழைத்துப் போனவர். 2011 ஜூன் 30 இரவு, தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து கடைசி ரயிலை ஜொகூர் சுல்தானே ஓட்டிச் சென்றபோது, "யார் ஓட்டினால் என்ன, போவது போவதுதானே" என்று முணுமுணுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அதற்காக மட்டுமில்லை. நம் பழைய அடுக்குமாடி புளோக் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும், ஆளுக்கொரு கூப்பிய கைப் படத்தைப் போட்டுவிட்டு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். எனக்கு அது போதவில்லை. எழுதினேன், அழித்தேன், "நம்" என்பதா "நமது" என்பதா என்று யோசித்தேன். என்னைத்தான் உனக்குத் தெரியுமே! ஒரு மணி நேரம் கழித்து, "இது ஈடு செய்ய முடியாத இழப்பு, சொல்ல வார்த்தைகள் இல்லை" என்று அனுப்பி முடித்தபோது மணி ஆறே முக்காலைத் தாண்டியிருந்தது. ஆறரைக்கு ஃபோர் டி லாட்டரிக் குலுக்கல் முடிந்து, மூன்றாம் மாடிக்காரருக்கு முதல் பரிசு ஒரே ஓர் எண்ணில் தவறிப்போன புலம்பலுக்கு நேர் கீழே என் அஞ்சலி போய் விழுந்தது.

குழுவே சிரித்தது. "அமைதியாக இருந்துகொண்டு என்ன குசும்பு!" என்று ஒருவர், "அண்ணே, இனி தினமும் எழுதுங்கள்" என்று இன்னொருவர். இத்தனை ஆண்டுகளில் அவர்கள் என்னைத் தங்களில் ஒருவனாகச் சேர்த்துக்கொண்டது நேற்றுத்தான், அதுவும் நான் செய்யாத ஒரு வேடிக்கைக்காக. தாத்தாவுக்கு எழுதியது என்று சொல்ல இருமுறை தட்டச்சு செய்து, இருமுறையும் அழித்தேன். சொன்னால் சிரித்தவர்கள் கூசிப்போவார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டாலும், வந்த வரவேற்பை இழக்க மனம் வரவில்லை என்பதே உண்மை; அந்த வெட்கத்தை உன்னிடம் அல்லாமல் யாரிடம் சொல்வேன்?

முன்பெல்லாம் இடமாற்றத்தின் மேல் பழியைப் போட்டுத் தப்பித்துக்கொள்வேன். 2014-இல் நம் பழைய பேட்டையான தங்ளின் ஹால்ட்டின் 31 புளோக்குகளை, மூவாயிரத்து நானூற்று எண்பது வீடுகளை, அரசாங்கம் எடுத்துக்கொள்ளப்போவதாக அறிவித்தபோது, அக்கம்பக்கத்தவர் பிரியாமல் ஒன்றாகவே புது வீடுகளுக்குப் போகலாம் என்றார்கள். அப்படியேதான் நடந்தது. அதே முகங்கள், அதே குரல்கள். கீழே கோப்பிக் கடையில் அதே நாலு பேர் ஒரே மேசையில் இருக்கிறார்கள். கடைக்காரர் என்னைக் கண்டதும் கேளாமலே பாலும் சர்க்கரையும் இல்லாத கோப்பி ஓ கோசோங் கலக்குகிறார். நானோ கோப்பையை ஏந்தி அந்த மேசையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தனியாகப் போய் உட்காருகிறேன். என்றாவது அவர்களே கூப்பிட்டு உட்காரவைத்தாலும், ஒரு வாக்கியத்தைச் சீராக்கிக்கொண்டு நான் வாயைத் திறப்பதற்குள் பேச்சு மூன்று பேருந்து நிறுத்தம் தாண்டிப் போயிருக்கும்.

இப்போது யோசித்தால், பழைய இடத்திலும் நான் எந்தக் கூட்டத்திலும் நானாக நுழைந்ததில்லை. நீ முன்னால் போவாய், சத்தம் போடுவாய். அந்தச் சத்தத்தின் மறைவில் நானும் உள்ளே வந்திருப்பேன். நீ ஈப்போவுக்குப் போனபோது என் பாதி வாயையும் எடுத்துப் போய்விட்டாய், பாவி.

நாளைக் காலை தகனத்துக்காக மண்டாய் தகனச்சாலைக்கு இரண்டு பேருந்துகள் போகின்றன. "அண்ணனுக்கு எங்கள் வரிசையில் இடம் பிடித்திருக்கிறோம்" என்று சற்றுமுன் மூன்றாம் மாடிக்காரரே செய்தி அனுப்பியிருக்கிறார். உண்மையைச் சொல்லிவிடவா, பேசாமல் போய் உட்காரவா? நீ யோசித்து எழுது. இக்கடிதம் உன் கைக்கு வருவதற்குள் தாத்தாவின் பதினாறாம் நாளே முடிந்திருக்கும். நான் எழுதுவது எதுதான் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது?

உன்
ஊமைக்கோட்டான்