நீ ஆடாமல் விட்ட ஆட்டம்

அன்புள்ள தம்பிக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ஓசூரிலிருந்து போனில் பேசும்போது, “அக்கா, அந்த வீடியோ கேமுக்குள்ள வர்ற சீட்டாட்டத்தையெல்லாம் ஆடிக்கிட்டு உட்காராதே, டைம் வேஸ்ட். மெயின் கதையை மட்டும் பிடிச்சுப் போ” என்றாய். நைட் ஷிஃப்டுக்குக் கம்பெனி பஸ் வந்துவிட்டது என்று உடனே வைத்தும் விட்டாய். நான் சொல்ல நினைத்தது தொண்டையிலேயே நின்றுவிட்டது. நாலு நாளாக அதே நினைப்பு. சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

பென்னாகரம் வீட்டில் நீ விட்டுப்போன பிஎஸ்4 கேம் பெட்டியில் உன் சேவ், அதாவது நீ ஆடி நிறுத்திய இடம், அப்படியே இருக்கிறது. என்னுடையதைத் தொடங்கும் முன் அதைத் திறந்து பார்த்தேன். ‘தி விட்சர் 3’ கதை முழுவதும் முடிந்திருக்கிறது. ஆனால் அதற்குள் வரும் குவென்ட் என்ற சீட்டாட்டத்துக்கான உன் கட்டில் தொடக்கத்தில் கிடைத்த சீட்டுகளைத் தவிரப் பெரிதாக ஒன்றுமில்லை. வைட் ஆர்ச்சர்ட் என்ற ஊரின் சத்திரத்தில் அந்தப் பண்டிதர் ஆட்டம் சொல்லிக்கொடுத்ததோடு சரி. அப்புறம் எத்தனை வணிகர்கள், எத்தனை கொல்லர்கள், எத்தனை சத்திரக்காரர்கள்! அவர்களில் யாரோடும் நீ ஒரு கை ஆடவில்லை.

உன் நியாயம் எனக்குத் தெரியும். மகள் மாதிரி வளர்த்த சிரி என்ற பெண்ணைத் தேடி அலைகிற கதாநாயகன் கெரால்ட் நடுவில் உட்கார்ந்து சீட்டாடுவானா, கதையோடு ஒட்டவே இல்லையே என்று முன்பே கேட்டிருக்கிறாய்.

ஒட்டும் தம்பி. நீயே அப்படி ஆடியவன்தான். அப்பாவைத் தருமபுரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்த அந்த 11 நாளை நினைத்துப் பார். உனக்கு அப்போது 16 வயது. வார்டுக்கு வெளியே, வராண்டாவில் பாய் விரித்துக் கிடந்தோம். மூன்றாம் நாள் ராத்திரி பக்கத்துப் பாயிலிருந்த அரூர்க்காரப் பாட்டி மடியிலிருந்து புளியங்கொட்டை எடுத்து, தரையில் தேய்த்துத் தேய்த்து ஒரு பக்கத்தை வெள்ளையாக்கியது. சுண்ணாம்புக் கட்டியால் தரையில் கட்டம் போட்டோம். உனக்குத் தாயமே விழாமல் ஒரு காயைக்கூட இறக்க முடியவில்லை. பாட்டி சிரித்தது, நீயும் சிரித்தாய். அதுவரை நீ யாரிடமும் வாய் திறக்கவே இல்லை. அந்தப் பாட்டியின் மகனுக்கு என்ன உடம்பு, அவர்களுக்கு எத்தனை ஏக்கர், இந்த வருடம் புளி என்ன விலை போனது எல்லாம் அந்தக் கட்டத்தின் மேல்தான் நமக்குத் தெரிந்தது. அப்பா மேல் இருந்த கவலை அதனால் ஒரு துளியும் குறையவில்லை. ஆனால் விடியும்வரை உட்கார்ந்திருக்க முடிந்தது.

சத்திரத்தில் ராத்திரி தங்குகிற கெரால்டும் அப்படித்தான் எனக்குத் தெரிகிறான். தேடுகிறவனுக்கும் ராத்திரி வரும்.

சரி, ஆட்டத்துக்கு வருகிறேன். அதில் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே நீ ஒதுக்கிவிட்டாய் என்பதுதான் எனக்கு ஆற்றாமை. குவென்ட்டில் உனக்கு 10 சீட்டு வரும். வேண்டாததில் இரண்டை மாற்றிக்கொள்ளலாம், அவ்வளவுதான். அந்தப் பத்தை வைத்துத்தான் மூன்று சுற்றையும் ஆட வேண்டும். இரண்டு சுற்று ஜெயித்தால் ஆட்டம் உன்னுடையது. முதல் சுற்றிலேயே எல்லாவற்றையும் கொட்டி ஜெயித்தவன் அடுத்த சுற்றில் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பான். அதனால் எதிராளியைச் செலவு செய்யவிட்டு, ஒரு சுற்றை வேண்டுமென்றே விட்டுக்கொடுக்கப் பழக வேண்டும். ஒற்றன் சீட்டு என்று ஒரு வகை உண்டு. அதை எதிராளியின் பக்கத்தில் வைக்க வேண்டும், அவன் பலம் ஏறிவிடும்; பதிலுக்கு உனக்கு இரண்டு சீட்டு கிடைக்கும். முதன்முதலில் அதை வைக்க எனக்குக் கை வரவில்லை. அப்புறம் தாத்தா ஞாபகம் வந்தது. கோயில் மண்டபத் தரையில் கோடு கிழித்திருக்குமே, அதில் அவரோடு ஆடுபுலி ஆடுவோம். 15 ஆடு, 3 புலி. நீ ஓர் ஆட்டைக்கூட இழக்க மாட்டேன் என்று அடம்பிடிப்பாய். “ரெண்டு ஆட்டைக் குடுத்தாத்தான்டா புலி நீ நினைக்கிற இடத்துக்கு வரும்” என்பார். ஒற்றன் சீட்டு அதேதான்.

பனிச் சீட்டு ஒன்று விழுந்தால் முன்வரிசை வீரர்களின் பலமெல்லாம் ஆளுக்கு ஒன்று என்று சுருங்கிவிடும். நாயகர் சீட்டுகள் மட்டும் அசையாது. இரண்டு பக்கத்துக்கும் அதே அடி விழும் என்பதால், உன் வரிசையில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இறக்க வேண்டும். இதையெல்லாம் உன்னைப் போலக் கணக்கில் கெட்டிக்காரன் ஆடாமல் விட்டதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

மெயின் கதைக்கு ஓரத்தில் வைத்திருக்கிற எல்லாமே நல்லது என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் கேமின் குதிரைப் பந்தயம் ஒன்றிரண்டு ஓடினால் போதும், யாரோடு ஓடினோம் என்பதே மனதில் தங்காது. ஸ்கெல்லிகே தீவுகளைச் சுற்றியுள்ள கடலில் வரைபடம் முழுக்கக் கேள்விக்குறி. படகில் போ, சைரன் என்ற பறக்கும் அரக்கிகளை விரட்டு, முங்கிப் பெட்டியை எடு, மறுபடி படகில் ஏறு. அதை நான் பாதியில் விட்டுவிட்டேன். 2017-இல் வந்த ‘ப்ரெத் ஆஃப் தி வைல்ட்’ என்ற இன்னொரு கேமை சித்தி வீட்டில் ஆடினேன், அதில் 900 கோரோக் விதைகளை ஒளித்து வைத்திருக்கிறார்கள். அவற்றைக் கொடுத்துப் பையை முழுக்கப் பெரிதாக்க 441 போதும். போகிற வழியில் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்து ஒன்று கிடைத்தால் சந்தோஷம்தான், ஆனால் 900-ஐயும் எண்ணித் தேட ஆரம்பித்தால் அது கூலி வேலையாகிவிடும்.

குவென்ட் அப்படி ஆகாததற்குக் காரணம் எதிரே ஓர் ஆள் இருப்பதுதான். அந்த ஊர்க்காரர்களுக்கே அது முக்கியமான ஆட்டம். 2016-இல் வந்த ‘ப்ளட் அண்ட் வைன்’ என்ற விட்சர் 3-இன் கூடுதல் பகுதியில் ஸ்கெல்லிகே சீட்டுக்கட்டைப் புதிதாகச் சேர்த்தார்கள் இல்லையா, கதைக்குள்ளேயே சிலர் அந்தப் புதுக் கட்டை எதிர்த்துச் சண்டைக்கு வருகிறார்கள். எனக்கு அது ரொம்பப் பிடித்தது.

விட்சர் கதையில் வேலன் என்ற பகுதியில் ப்ளடி பாரன் என்றொரு பிரபு. அவன் கதை உனக்குத் தெரியும். குடித்துவிட்டு மனைவி மேல் கை ஓங்கியவன், இப்போது மனைவியும் மகளும் போய்விட்ட வீட்டில் தனியாக இருக்கிறான். கதையில் நீ அவனைக் கேள்வி கேட்டாய், தீர்ப்பும் சொன்னாய். ஆனால் அவனும் குவென்ட் ஆடுவான் தம்பி. நான் அவன் எதிரே உட்கார்ந்து மூன்று தடவை தோற்றேன். அந்த நேரத்தில் அவன் தன்னைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. அவன் செய்ததை நான் மன்னிக்கவில்லை. ஆனாலும் அவனோடு அவ்வளவு நேரம் எதிரெதிரே இருந்த பிறகு, அவன் கதை முடிந்த இடத்தில் என்னால் உடனே அடுத்த வேலைக்குப் போக முடியவில்லை. கன்ட்ரோலரை வைத்துவிட்டு வாசலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அவனை ஜெயித்தால் சிகிஸ்மண்ட் டைக்ஸ்ட்ரா என்ற பெயருள்ள சீட்டு கிடைக்கும். ஆடாமல் விட்டவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார்கள்: அவன் போன பிறகு, க்ரோஸ் பெர்ச் கோட்டையில் அவன் அறையில் அந்தச் சீட்டு கிடக்கும்.

உன் சேவில் அவன் இல்லை. அறை வரைக்கும் கெரால்டை நடத்திக்கொண்டு போய் நிறுத்தி, அங்கேயே சேவ் செய்திருக்கிறேன். சீட்டை எடுக்கவில்லை. பொங்கலுக்கு லீவு போட்டுவிட்டு, கிருஷ்ணகிரி வழியாக வருகிற பஸ்ஸில் முதல் நாள் ராத்திரியே வந்து சேர். அதை நீயே எடு. புளியங்கொட்டையும் தேய்த்து வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அக்கா