பத்து வருஷம் கழிச்சும் திறக்கற டிராயிங் வேணுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல 3டி பிரின்டர் வாங்கறதைப் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், ரொம்ப சந்தோஷம். ஆனா மிஷினைப் பத்தி அவ்வளவு எழுதிட்டு, டிராயிங் எதுல போடறதுங்கறதை மட்டும் ‘ஏதாவது ஒரு கேட் (CAD) சாஃப்ட்வேர்’னு, அதாவது கம்ப்யூட்டர்ல டிராயிங் போடற சாஃப்ட்வேர்னு, ஒரே வரில முடிச்சுட்டீங்க. வீட்ல உக்காந்து மாடல் பண்றவங்க மாட்டிக்கற இடமே அதுதாங்க.

நான் லேத் பட்டறைல 22 வருஷமா வேலை செய்யறேன். லீவு நாள்ல நம்ம மேட்டுப்பாளையம் - ஊட்டி மலை ரயிலோட எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜினை மாடலா செஞ்சுட்டு இருக்கேன். ஸ்விட்சர்லாந்துல விண்டர்தூர் ஊர்ல செஞ்சு வந்த இன்ஜின் வகை அது. நான் எடுத்த அளவு 1:22.5, அதாவது நிஜத்தை 22.5ல ஒரு பங்கா சுருக்கறது. மீட்டர் கேஜ்னா ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல 1000 மி.மீ., அதை 22.5ஆல வகுத்தா 44 சொச்சம் வரும், தோட்டத்துல ஓட்டற மாடல் ரயிலுக்குன்னு விக்கற 45 மி.மீ. டிராக்குல அப்படியே உக்காந்துரும்.

முதல்ல ஒரு பயிற்சி நிலையத்துல கம்பெனிங்க யூஸ் பண்ற பெரிய சாஃப்ட்வேர் ஒண்ணோட கிராக் காப்பியை பென்டிரைவ்ல போட்டுக் குடுத்தாங்க, அதுதான் பெஸ்ட்டுன்னாங்க, நானும் நம்பி எட்டு மாசம் அதுல வரைஞ்சேன். அப்புறம் லேப்டாப் ஹார்ட் டிஸ்க் போயிருச்சு. டிராயிங் ஃபைல் எல்லாம் வேற இடத்துல காப்பி இருந்துச்சு, ஆனா திறக்க சாஃப்ட்வேர் இல்ல. தெரிஞ்சவர் ஒருத்தர்கிட்ட அதோட பழைய வெர்ஷன் இருந்துச்சு, புதுசுல போட்டதை பழசு திறக்காதுன்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கடைசில கைல மிஞ்சினது பிரின்ட்டுக்கு அனுப்பின எஸ்டிஎல் ஃபைலுங்க மட்டும்தான். அது வெறும் முக்கோணக் குவியல், இந்த சிலிண்டரை அரை மி.மீ. பெருசு பண்ணணும்னா அதுல புடிச்சு மாத்த ஒண்ணும் இருக்காது, அது மி.மீ.யா இஞ்சாங்கறதைக் கூட அந்த ஃபைல் சொல்லாது. எட்டு மாச வேலை போச்சு சார், அந்த ஆத்தாமை இன்னும் ஆறல.

அதனால நான் சொல்ல வர்றது இதுதாங்க. வேலைக்குக் கத்துக்கறவங்களுக்கு கம்பெனி கேக்கறதுதான் சாஃப்ட்வேர். நம்ம கதை வேற, வாரத்துக்கு ரெண்டு மணி நேரம், ஒரு இன்ஜின் முடிய அஞ்சு வருஷம் கூட ஆகும். அத்தனை வருஷமும் அந்த ஃபைல் நம்ம கைல இருக்குமா, திறக்குமா, ஒரு அளவை மாத்தினா அதோட சேர்ந்த மத்த அளவெல்லாம் தானா மாறுமான்னு முதல்ல பாருங்க. பட்டன் அழகா இருக்கா, யூடியூப்ல யாரு என்ன சொன்னாங்கன்னு அப்புறம் பாத்துக்கலாம்.

ஃப்யூஷன் நல்ல சாஃப்ட்வேர்தான், சொந்த உபயோகத்துக்கு இலவசமும் உண்டு, ஆனா இலவசத்துல ஒரே நேரத்துல 10 டிராயிங்தான் எடிட் பண்ற நிலைமைல வச்சுக்க முடியும். ஒரு இன்ஜினுக்கு எத்தனை பார்ட்ஸ்னு யோசிச்சுப் பாருங்க! ஆன்ஷேப் பிரவுசர்லயே ஓடும், பழைய லேப்டாப்புக்கு வசதி, ஆனா இலவசக் கணக்குல போடற டிராயிங்கை யார் வேணாலும் பாக்கலாம். ஸ்கூல் பசங்களுக்கு டிங்கர்கேட் தாராளமா போதும். பால்சா கட்டை, அட்டை, லேசர் கட்டிங்னு பண்றவங்களுக்கு 3டியே வேண்டாம், தட்டையா 2டி மட்டும் வரையற லிப்ரிகேட்ல ரெண்டு கோடு போட்டு, டிஎக்ஸ்எஃப்ங்கற கோட்டு டிராயிங் ஃபைலா குடுத்தா கடைக்காரர் வெட்டிக் குடுத்துருவார்.

நான் வந்து நின்ன இடம் ஃப்ரீகேட். காசு இல்ல, லாகின் இல்ல, நெட் இல்லாமலே ஓடும், விண்டோஸ்லயும் லினக்ஸ்லயும் ஓடும், ஃபைல் நம்ம கம்ப்யூட்டர்லயே இருக்கும். முதல் ஒரு மாசம் கஷ்டம்தான், மறைக்கல. முன்னாடி இருந்த வெர்ஷன்கள்ல அடில இருக்கற ஸ்கெட்ச்சை மாத்தினா மேல போட்ட ஃபில்லெட் (முனையை உருட்டி விடறது) எல்லாம் வேற முனைக்குத் தாவி மாடலே உடைஞ்சு போகும், 2024 நவம்பர்ல வந்த 1.0ல அதைப் பெருமளவு சரி பண்ணிட்டாங்க. இருந்தாலும் ஃபில்லெட்டைக் கடைசில போடற பழக்கத்தை விட்டுராதீங்க.

ஒரு உதாரணம் சொல்றேன். எக்ஸ் கிளாஸ்ல டிரைவர் நிக்கற கேபினோட தகடு நிஜத்துல 6 மி.மீ.ன்னு வைங்க, 22.5ஆல வகுத்தா 0.27 மி.மீ. வரும். பிரின்டர்ல பிளாஸ்டிக் உருகி வர்ற நாசில் ஓட்டையே 0.4 மி.மீ., அப்ப அந்த தகடு பிரின்ட்ல வரவே வராது. அதனால நான் ஃப்ரீகேட்ல இருக்கற ஸ்ப்ரெட்ஷீட்ல ஸ்கேலை ஒரு கட்டத்துலயும் சுவர் கனம் 1.2 மி.மீ.யை இன்னொரு கட்டத்துலயும் தனித்தனியா வச்சிருக்கேன். போன மாசம் ஃபிரண்டு ஒருத்தர் இதே கேபினை 1:87ல கேட்டார், மொத்த மாடலையும் அப்படியே சுருக்கியிருந்தா சுவர் 0.31 மி.மீ. ஆகியிருக்கும். நான் ஸ்கேலை மட்டும் மாத்தி, கனத்தை 0.8ன்னு போட்டேன், ஜன்னல், கதவு, கூரை எல்லாம் தானா அதுக்கேத்த மாதிரி மாறிருச்சு. பத்து நிமிஷ வேலை.

கல்லார்ல இருந்து குன்னூர் வரைக்கும் தண்டவாளத்துக்கு நடுவுல போற பல்சட்டமும், அதாவது மேடு ஏற இன்ஜினோட பல்சக்கரம் கடிச்சுப் புடிக்கற பல்லு வச்ச சட்டமும், அப்படித்தான். ரெண்டு சட்டம் பக்கத்து பக்கத்துல, ஒண்ணோட பல்லு இன்னொண்ணோட பள்ளத்துக்கு நேரா இருக்கும். ஒரே ஒரு பல்லு வரைஞ்சு வரிசையா ரிப்பீட் பண்ணிட்டு, ரெண்டாவது சட்டத்தை அரை பல் இடைவெளி தள்ளி வச்சா போதும். பல் இடைவெளியை நாளைக்குத் திருத்தினாலும் ரெண்டும் சேர்ந்தே நகரும்.

எந்த சாஃப்ட்வேரா இருந்தாலும் எடுத்தவுடனே இன்ஜினை வரைய உக்காராதீங்க. ஒரு சக்கரம், அதுக்கு ஒரு அச்சு, ரெண்டே பார்ட் வரைஞ்சு பிரின்ட் போட்டு வெர்னியர் வச்சு அளந்து பாருங்க. ஓட்டை எப்பவும் வரைஞ்சதை விட கொஞ்சம் சின்னதாத்தான் வரும், என் மிஷின்ல ஓட்டையை 0.2 மி.மீ. பெருசா வரைஞ்சாத்தான் அச்சு நுழையுது. அப்படியே அந்த சக்கரத்தை ஸ்டெப் ஃபைலா, அதாவது பல கேட் சாஃப்ட்வேரும் திறக்கற பொது ஃபைலா, எக்ஸ்போர்ட் பண்ணி வேற சாஃப்ட்வேர்ல திறந்து பாருங்க. திறந்து அளவும் சரியா இருந்தா மேல போங்க.

இதெல்லாம் தமிழ்ல படிக்க எனக்கு அப்ப ஒண்ணும் சரியா சிக்கல. உங்க இணைப்புல வாரம் கால் பக்கம் ஒதுக்கி ஒரு சின்ன பார்ட்டோட டிராயிங்கை அளவோட போட்டு, அதை எப்படி வரையறதுன்னு எழுதினா எத்தனையோ பேர் கத்துக்குவாங்க. முதல் வாரத்துக்கு அந்த பல்சட்டத்தோட டிராயிங்கை நானே அனுப்பி வைக்கறேன்.

இப்படிக்கு,
மலை ரயில் பிரியன்,
மேட்டுப்பாளையம்