பிள்ளைகள் சைக்கிள் ஓட்டச் சாலையோரம் வேண்டும்

மதுரை மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். மாவட்ட சாலைப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவர் நீங்கள் என்பதால் இதை உங்களுக்கு எழுதுகிறேன்.

என் மகள் ஆனையூரிலிருந்து அரசு கொடுத்த சைக்கிளில்தான் பள்ளிக்குப் போய்வருகிறாள். 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, அப்புறம் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாருக்கும் வந்த திட்டம் அது. பஸ்ஸுக்குக் காத்துக் கிடக்காமல், கூட்டிப்போக யாரையும் எதிர்பார்க்காமல் போகிறாள். பெற்றவளுக்கு அது எவ்வளவு பெரிய நிம்மதி!

சைக்கிள் போவது சாலையின் இடது ஓரத்தில். குடிதண்ணீர்க் குழாய்க்கும் பாதாளச் சாக்கடைக்கும் தோண்டுவதும் பெரும்பாலும் அதே ஓரத்தில்தான். குழாயைப் பதித்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடுகிறார்கள். நாலு நாளில் மண் உள்வாங்கி, தாருக்குப் பக்கத்தில் படி மாதிரி இறங்கிக் கிடக்கிறது. கேரியரில் புத்தகப் பையோடு வரும் பிள்ளை, பின்னால் ஷேர் ஆட்டோ ஹாரன் அடித்ததும் ஓரம் ஒதுங்கும். முன்சக்கரம் அந்தப் படியில் இறங்கினால் ஹேண்டில்பார் திரும்பிவிடும். மண் பக்கம் விழுந்தால் முழங்கால் சிராய்ப்போடு போகும். சாலைப் பக்கம் விழுந்தால் என்னாகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. மழை பெய்துவிட்டாலோ தார் எது, பள்ளம் எது என்றே தெரியாது.

நடந்து வரும் சின்னப் பிள்ளைகள் பாடு இன்னும் மோசம். நடைபாதை இருக்கும் இடங்களிலும் கடைப் பலகை, டிரான்ஸ்பார்மர், நிறுத்திவைத்த பைக். தடையில்லாத நடைபாதை குறைந்தது 1.8 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பது சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைகள் காங்கிரஸ் வகுத்த நெறிமுறை. தல்லாகுளத்திலிருந்து செட்டிகுளம் வரை 7.3 கிலோமீட்டருக்குப் பறக்கும் பாலம் கட்டி 2023இல் திறந்த ஊர் இது. பள்ளிகளைச் சுற்றி மட்டுமாவது இந்த 1.8 மீட்டரை ஒதுக்க முடியாதா?

இந்தப் பயத்தில்தான் நடக்கிற தூரத்தில் இருப்பவர்களும் பிள்ளைகளைப் பைக்கில் கொண்டுவந்து விடுகிறார்கள். அதனால் பள்ளி வாசலில் நெரிசல் கூடுகிறது. அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் பைக்கை எடுக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒவ்வொரு பள்ளியைச் சுற்றியும் அரை கிலோமீட்டரை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். தோண்டிய ஓரத்தில் மறுபடி தார் போட்ட பிறகுதான் ஒப்பந்ததாரருக்குக் கடைசி பில் என்று சொல்லுங்கள். பள்ளி தொடங்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் அந்தச் சாலைகளில் டிப்பர் லாரி வேண்டாம். ஜூனில் பள்ளி திறப்பதற்குள் உங்கள் குழு அதிகாரிகளை ஒரு காலையில் சைக்கிளில் அந்த ஓரத்தோடு வரச் சொல்லுங்கள். எந்தெந்த இடத்தில் இறங்கித் தள்ள வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளே காட்டுவார்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தாய்,
ஆனையூர், மதுரை