பின்பக்கம் மூடுவதற்கு முன் வந்து பாருங்கள்

கட்டட வேலைக்குத் தொழில் தகைமைச் சான்றிதழ் வழங்கும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். நான் மலையகத்தில் மஸ்கெலியாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன். 22 வருடமாக மேசன் வேலை. மாமாவுக்குக் கையாளாகப் போய்ச் சாந்து குழைத்துத்தான் தொழில் பழகினேன். எந்தப் பயிற்சி நிலையத்திலும் படித்ததில்லை.

என்னைப் போன்றவர்களுக்காகவே முன்கற்றல் அங்கீகாரம் என்றொரு வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகாமல், செய்கிற வேலையைக் காட்டியே தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் எடுக்கலாம். மொத்தம் 7 மட்டங்கள். மேசனுக்குப் பெறுமதியானது 3, 4. எங்களுக்கு மட்டம் என்றால் ரசமட்டம்தான். இந்த மட்டத்தைப் பற்றிக் கேள்விப்படவே எனக்கு 20 வருடம் ஆனது. எங்கள் லயத்துப் பையன் ஒருவன் வளைகுடாவுக்குப் போய், சுவர் கட்டிக்கொண்டே கையாள் சம்பளம் வாங்கினான். கையில் சான்றிதழ் இல்லை, அவ்வளவுதான். அதைப் பார்த்த பிறகுதான் நானும் விண்ணப்பித்தேன்.

செய்த வேலைக்கு ஆதாரம் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் நாட்சம்பளத்துக்கு வேலை செய்கிறவனுக்கு எந்தக் கொந்தராத்துக்காரர் கடிதம் தருவார்? கைபேசியில் இருந்த படங்களைக் காட்டினேன். அப்புறம் இரண்டு பஸ் மாறி, ஒரு நாள் சம்பளத்தையும் விட்டுப் பரீட்சைக்குப் போனேன். சீமெந்துத் தரையில் செங்கல் மூலை ஒன்று எழுப்பச் சொன்னார்கள். எழுப்பினேன். நான் செங்கல்லைத் தொட்டு ஐந்தாறு வருடம் இருக்கும். எங்கள் பக்கம் கருங்கல்லும் சீமெந்துக் கல்லும்தான்.

சரிவில் வீடு கட்டுகிறவனின் கெட்டித்தனம், மண் சரியாமல் பிடித்து நிற்கும் தாங்கு சுவரில்தான் தெரியும். இளகிய மண்ணைத் தோண்டி எடுத்து, உறுதியான தரை கண்ட பிறகே அத்திவாரம் போட வேண்டும். சுவர் மலைப் பக்கம் கொஞ்சம் சாய்ந்து நிற்க வேண்டும். அதன் பின்னால் வெறும் மண்ணைக் கொட்டாமல் சல்லி நிரப்பி, இடையிடையே தண்ணீர் வடியத் துளை விட வேண்டும். மண்ணின் பாரத்தைத் தாங்குகிற சுவர்கூட உள்ளே தேங்கிய தண்ணீரில் சாய்ந்துவிடும். (மலையே இறங்கி வந்தால் எந்தச் சுவரும் நிற்காது; 2014இல் மீரியபெத்தை மண்சரிவில் பார்த்தோமே.) இதில் ஒன்றைக்கூட என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தாலும் ஒழுங்காகச் சொல்லியிருப்பேனா தெரியாது. பரீட்சை எடுக்க வந்தவர் நல்ல மனிதர், ஆனால் சிங்களத்தில்தான் கேட்டார். எனக்கு வேலைத்தளச் சிங்களம் தெரியும். கல் கொண்டு வா, கம்பியை இழு என்பதற்கு அது போதும். ஏன் அப்படிச் செய்தாய் என்று விளக்கப் போதாது. மூன்றாம் மட்டம் கிடைத்தது. மேற்பார்வை இல்லாமல் வேலை செய்யக்கூடியவனுக்கு நான்காம் மட்டம் என்கிறார்கள். பத்து வருடமாக எனக்கு மேற்பார்வை செய்ய ஆளே இருந்ததில்லை!

பரீட்சையை இலகுவாக்கச் சொல்லவில்லை. அதை வேலை நடக்கும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். தோட்டங்களில் தனி வீடுகள் எழும்பும் இடங்களிலேயே பத்துப் பேரை ஒரே நாளில் பார்த்துவிடலாம். தமிழில் கேளுங்கள். அதற்கு ஆள் இல்லை என்றால் இங்குள்ள மூத்த மேசன்மாரில் சிலரை மதிப்பீட்டாளராகப் பயிற்றுங்கள். கடிதத்துக்குப் பதிலாக வீட்டுக்காரர் ஒருவர் நேரில் வந்து சொல்வதையும் ஆதாரமாக எடுங்கள்.

இப்போது எங்கள் லயத்துக்குக் கீழே ஒரு தாங்கு சுவர் கட்டிக்கொண்டிருக்கிறோம். இடுப்பளவு வந்துவிட்டது. வைகாசி மழைக்கு முன் முடித்தாக வேண்டும். அதற்குள் யாராவது வந்தால் நல்லது. மண் போட்டு மூடிய பிறகு சுவரின் முகம் மட்டும்தான் தெரியும்.

இப்படிக்கு,
மூன்றாம் மட்டத்து மேசன் ஒருவன்