கொட்டான் பின்ன ஆடியிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போதுதான் ‘பலகாரத்தைப் பனையோலைக் கொட்டானில், அதாவது ஓலையில் பின்னிய சிறு கூடையில், கொடுங்கள்’ என்று படத்தோடு கட்டுரைகள் வருகின்றன. எண்ணம் நல்லதுதான். ஆனால் அதைப் படித்துவிட்டு ஐப்பசி மழையில் ஓலை வெட்டுகிறவருக்கு மிஞ்சுவது கரும்புள்ளி விழுந்த பூஞ்சை ஓலைதான். கொட்டானுக்கான வேலை ஆடியில் தொடங்க வேண்டும். காற்றும் வெயிலும் சேர்ந்து கிடைக்கும் அந்த நாட்களில் ஓலை மூன்று நான்கு நாளில் காய்ந்து, சந்தன வெள்ளையாக நிற்கும். இரவுப் பனியில் விட்டுவிடாமல் உள்ளே எடுத்து வைப்பது முக்கியம்.

வேண்டியது விரியாத குருத்தோலை. முற்றிய ஓலை முரடாக இருக்கும், மடிக்கும் இடத்தில் உடையும். ஒரு பனை மாதத்துக்கு ஏறத்தாழ ஓர் ஓலைதான் விடும். ஆகவே ஒரு மரத்தில் ஒரு குருத்தை எடுத்தால் அடுத்ததற்கு வேறு மரத்தைப் பாருங்கள். ஒரே மரத்தில் திரும்பத் திரும்ப வெட்டினால் மரம் நலிந்துவிடும்.

ஈர்க்கை நீக்கிவிட்டு ஓலையை 6 மி.மீ. அகலக் கீற்றுகளாகக் கிழிக்க வேண்டும். பின்னல் இடைவெளி விட்டுப் பல்லிளித்தால், பெரும்பாலும் கீற்றின் அகலம் சீராக இல்லை என்று பொருள். இன்னொரு காரணம் தண்ணீர். கீற்றை வாளியில் ஊறப்போட்டால் உப்பிவிடும். பின்னும்போது நெருக்கமாகத் தெரியும், காய்ந்ததும் சுருங்கி இடைவெளி விடும். ஈரத்துணியில் அரைமணி நேரம் சுற்றி வைத்தாலே போதும். அதுவும் செய்யாமல் பின்னினால் மூலை திருப்பும் இடத்தில் வெடிக்கும்.

பத்துப் பன்னிரண்டு தேன்குழலோ மாவுருண்டையோ கொள்ளும் கொட்டானுக்கு 55 செ.மீ. நீளத்தில் 48 கீற்றுகள் வேண்டும். 24 குறுக்கும் 24 நெடுக்குமாக, ஒன்று விட்டு ஒன்று, கீற்றுகளின் நடுப்பகுதியில் சதுரமாகப் பின்னுங்கள். பளபளப்பான முகம் வெளிப்பக்கம் வரட்டும். சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் நடுவில், பன்னிரண்டாவது கீற்றையும் பதின்மூன்றாவதையும் ஒன்றன்மேல் ஒன்று போட்டு மேலே தூக்குங்கள். அந்த நான்கு இடங்களும்தான் கொட்டானின் மூலைகள். பின்னிய சதுரத்தின் மூலைகள் சுவராக எழுந்துவிடும். புதிதாகப் பழகுகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். சதுரத்தின் மூலையையே கொட்டானின் மூலை என்று எண்ணித் திருப்பிவிடுகிறார்கள். கீற்று ஒற்றைப்படையில் இருந்தாலும் நடு அமையாது, அடி கோணிக்கொள்ளும்.

இப்படிப் பின்னினால் அடி பக்கத்துக்குப் பத்து செ.மீ. வரும். உயரம் 8 செ.மீ. ஆனதும் வாயை மடித்து, கீற்று நுனிகளை உட்புறப் பின்னலில் நாலைந்து கண்ணுக்காவது (பின்னல் கட்டத்துக்காவது) செருகுங்கள். ஒரு கண்ணோடு நிறுத்தினால் காய்ந்தபின் வாய் அவிழும். சதுர அடியும் சுமார் 13 செ.மீ. விட்டத்தில் வட்ட வாயுமாக, நம் வீடுகளில் பார்த்த அதே வடிவம் வந்துவிடும். கனமான பண்டத்துக்கு இரட்டைக் கீற்றாகப் போடுங்கள், 96 வேண்டும்.

சாயம் போட்டால் அலசும் நீர் தெளியும்வரை அலச வேண்டும். காய்ந்த கீற்றை ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள். நிறம் ஒட்டினால் மறுபடி அலசுங்கள். சாயக் கீற்று எதுவாயினும் உள்ளே வாழைச்சருகு விரித்தே பலகாரம் வைப்பது நல்லது. சருகு இல்லாமல் அதிரசம் வைத்தால் எண்ணெய் ஓலையில் இறங்கி, சிக்கு வாடை அடிக்கும், எறும்பும் வரும். கந்தரப்பம் போன்ற ஈரப்பண்டம் வேண்டாம். மனகோலம், சீப்புச்சீடை, தேன்குழல் போதும்.

யாருக்குக் கொடுக்கிறோம் என்பதையும் பாருங்கள். ஆண்டுக்குள் ஒருவரை இழந்த வீட்டில் தீபாவளிக்கு எண்ணெய்ச் சட்டி ஏற்றுவதில்லை. உறவும் அண்டை வீடும்தான் பலகாரம் கொண்டுபோய்க் கொடுக்கும். அந்த வீட்டுக்குக் கடையில் வாங்கிய மினுங்கும் அட்டைப்பெட்டி நீட்டுவது எங்களுக்கு ஒப்பவில்லை. சாயமில்லாத வெள்ளோலைக் கொட்டான், பாசிமணியும் லேசும் இல்லாமல், அதற்குப் பொருந்தும். பலகாரம் தீர்ந்த பிறகும் அது அந்த வீட்டில் இருக்கும். தலைதீபாவளி வீட்டுக்கு நிறமும் குரோஷா விளிம்பும் எவ்வளவு வேண்டுமானாலும் வைக்கலாம்.

படுக்கையில் இருப்பவர்களுக்கு மருந்து அட்டை, மூக்குக்கண்ணாடி வைத்துக்கொள்ளும் கொட்டானுக்கு உயரம் 5 செ.மீ. போதும், உயர்ந்தால் கை பட்டுக் கவிழும். தொங்கும் லேஸ் விரலில் மாட்டும், வேண்டாம். ஓலையைக் கழுவி வைக்க முடியாது. ஆகவே நோய் எதிர்ப்புக் குறைந்தவர்களுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் கொண்டுபோகாதீர்கள். மற்றவர்கள் ஈரத்துணியால் துடைத்து, ஒரு மணி நேரம் வெயில் காட்டினால் பூஞ்சை பிடிக்காது.

செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. குறியீடு பெயரைக் காக்கும், பின்னும் கைகளை அது உண்டாக்காது. எனவே எங்கள் வேண்டுகோள் இதுதான்: தீபாவளி மலரில் படம் போடுவதோடு நிறுத்தாமல், ஆடி முதல் வாரத்தில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கீற்றுக் கணக்கையும், குறிப்பாக மூலை திருப்பும் இடத்தையும் கோட்டுப்படமாகப் போடுங்கள். அந்தப் படம் மட்டும் அஞ்சலட்டை அளவுக்காவது பெரிதாக இருக்கட்டும். சிறிதாக அச்சானால் எந்தக் கீற்று மேலே, எது கீழே என்று தெரியாது.

இப்படிக்கு,
கொட்டான் பின்னும் பெண்கள் சிலர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்