களா நோன்பின் கணக்கு

ரமலான் பிறை 22, 1447
காயல்பட்டினம்

அன்புத் தோழிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும்.

நீ பிறை 3 அன்று அனுப்பிய குரல் செய்தியை அன்றிரவே கேட்டுவிட்டேன். ஐந்து மாதக் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டு நோன்பு வைக்கலாமா, வைத்தால் பால் வற்றிவிடுமா, விட்டால் பிறகு களாவாக வைத்து ஈடுகட்டினால் மட்டும் போதுமா, ஏழைக்கு ஃபித்யா அரிசியும் கொடுக்க வேண்டுமா என்று நீ அடுக்கிய கேள்விகளுக்கு மூன்று வாரமாகப் பதில் எழுதாமல் இருந்தது என் தவறுதான். முதல் வாரம் கல்லூரித் தேர்வுத் தாள்கள் கையைக் கட்டிப்போட்டன. அதற்குப் பிந்திய நாட்களுக்குக் காரணம் வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உம்மா, மச்சான், பிள்ளைகள் எல்லோரும் நலம். மாடி வீட்டு மாமி உன் சமோசாவை இன்றுவரை மறக்கவில்லை, மன்னிக்கவும் இல்லை.

என் தங்கச்சி உண்டாகியிருப்பது உனக்குத் தெரியும். இப்போது முப்பத்தோராவது வாரம். ஆறாம் மாதத்தில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்க வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 140-க்குள் இருக்க வேண்டிய அளவு 190-ஐத் தாண்டியிருந்தது. உணவுக் கட்டுப்பாட்டில் சுகர் அடங்கவில்லை என்பதால் இன்சுலின் தொடங்கினார்கள். இந்த வருடம் நோன்பு வேண்டாம் என்று டாக்டர் அவளிடம் தெளிவாகவே சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்தவள், வைக்கலாம் என்று டாக்டர் சொன்னதாக உம்மாவிடம் சொன்னாள். உம்மா நம்பினார். நானும் நம்பினேன். அவளுடைய சீட்டை ஒருமுறை வாங்கிப் பார்த்திருந்தால் போதும், நான் பார்க்கவில்லை.

பிறை 11 அன்று மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு, கஞ்சிக்குத் தேங்காய்ப்பால் பிழிந்துகொண்டிருந்த உம்மா என்னைக் கூப்பிட்ட குரலிலேயே எனக்குக் கால் தளர்ந்துவிட்டது. தங்கச்சி கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நெற்றி முழுக்க வியர்வை, கைகளில் நடுக்கம், பேச்சு குழறியது. விடியலுக்கு முந்தைய ஸஹரில் ஊசியைப் போட்டுக்கொண்டு இரண்டு வாய் மட்டும் சாப்பிட்டுவிட்டுப் பகல் முழுவதும் பட்டினியாக இருந்திருக்கிறாள். கருவியில் பார்த்தபோது சுகர் 52-க்கு இறங்கியிருந்தது. அந்த நிலையிலும், நோன்பை முறித்துவிடு என்று நான் சொன்னபோது, "இன்னும் ஒரு மணி நேரம்தானே லாத்தா" என்று வாயை இறுக மூடிக்கொண்டாள். நான் அவளுடைய தாடையைப் பிடித்துச் சர்க்கரைத் தண்ணீரை ஊற்றினேன். பிறகுதான், நண்பகல் லுஹரிலிருந்து பிள்ளை அசையவே இல்லை என்று அழுதுகொண்டே சொன்னாள். தூத்துக்குடி போய்ச் சேரும் வரை காருக்குள் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வழியில் ஏதோ ஒரு பள்ளிவாசலின் மஃரிப் பாங்கு கேட்டது. எங்கள் யாருக்கும் நோன்பு திறக்கும் நினைவே வரவில்லை.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை நலம். வயிற்றில் பட்டையைக் கட்டி இதயத் துடிப்பைக் கேட்க வைத்தபோது, அந்தச் சத்தத்துக்கு ஈடாக இந்த உலகத்தில் வேறொன்று இருக்க முடியாது என்று தோன்றியது. பட்டினியில் கொழுப்பு எரிந்து சேரும் கீட்டோன் சிறுநீரில் இருந்ததால் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அந்த இரண்டாம் இரவு அவளிடம் கோபமாகத்தான் கேட்டேன்: ஏன் பொய் சொன்னாய்? அவள் சொன்ன பதிலை உனக்கு அப்படியே எழுதுகிறேன். "2016-இல் கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு லாத்தா முப்பதும் வைத்தாள் என்று உம்மா ஒவ்வொரு ரமலானிலும் சொல்கிறாரே. பெண்கள் தொழும் தைக்காவில் எல்லோரும் இரவு தராவீஹ் தொழுகைக்கு நிற்கும்போது, நான் மட்டும் பகலில் சாப்பிட்டுவிட்டு வந்தவளாக எப்படி நிற்பேன்? இந்த வருடம் முப்பது, அடுத்த வருடம் பால் கொடுப்பேன், அதற்கு முப்பது. அதற்கடுத்து இன்னொரு பிள்ளை வந்தால்? இத்தனை களாவை நான் எந்த வயதில் தனியாக வைத்து முடிப்பேன்?"

தோழி, 2016-ஐப் பற்றி உன்னிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. அந்த வருடம் ரமலான் ஜூன் மாதத்தில் வந்தது. உனக்கு லண்டனில் 18 மணி நேரத்துக்கு மேல் நோன்பு. உன் மூத்தவன் பிறந்து ஐந்து வாரம் கூட ஆகாததால் நீ வைக்க முடியாமல் ஃபோனில் அழுதாய். உன்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, மூன்று மாதப் பிள்ளையுடன் நான் ஒரு நோன்பையும் விடவில்லை என்று சொன்னேன். நீ பேச்சை நிறுத்திவிட்டாய். எனக்கு அப்போது புரியவில்லை. அந்த மாதத்தில் என் பிள்ளையின் எடை ஏறவே இல்லை என்பதை நான் உன்னிடம் சொல்லவில்லை. மாலையில் பால் குடிக்கும்போது மார்பை விட்டுவிட்டு அழுவான். நனைந்த துணிகள் பாதியாகக் குறைந்தன. வெயில் காரணம் என்று எல்லோரிடமும் சொன்னேன். பெருநாளன்று சொந்தக்காரர்கள் என்னைப் பாராட்டியபோது எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் பத்து வருடம் கழித்து என் தங்கச்சியைத் தூணில் சாய்த்தது. உன்னையும் அன்று அது குத்தியிருக்கும். அதற்காக என்னை மன்னித்துவிடு.

மருத்துவமனையிலிருந்து வந்தபின் ஒரு வாரம் கல்லூரி நூலகத்திலும் கணினியிலும் இதையே தேடிப் படித்தேன். முதலில் நீ கேட்ட பாலைப் பற்றிச் சொல்கிறேன். ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டின் கெனெபா என்ற கிராமத்தில், 1980-களின் தொடக்கத்தில், நோன்பு வைத்துக்கொண்டு பால் கொடுத்த தாய்மாரை ஆங்கிலேய ஆய்வாளர்கள் கவனித்திருக்கிறார்கள். அந்தத் தாய்மார் இரவில் ஏராளமாகத் தண்ணீர் குடித்து உடம்பில் தேக்கிக்கொண்டார்கள். பகலில் நீர் வெகுவாகக் குறைந்தபோதும் பாலின் அளவு குறையவில்லை. ஆனால் பாலில் இருந்த உப்புகளின் விகிதம் மாறியது. துருக்கியில் 2006-இல் வெளியான சிறிய ஆய்வொன்றிலும், புரதமும் கொழுப்பும் மாறவில்லை என்றாலும் துத்தநாகம், மக்னீசியம், பொட்டாசியம் ஆகியவை குறைந்திருந்தன. ஆகவே, நோன்பு வைத்தால் பால் வற்றிவிடும் என்று உன்னைப் பயமுறுத்துபவர்களும் சரியில்லை, ஒன்றுமே ஆகாது என்று தைரியம் சொல்பவர்களும் சரியில்லை. உன் பிள்ளைக்கு இன்னும் ஆறு மாதம் நிறையவில்லை. பாலைத் தவிர அவனுக்கு வேறு உணவு கிடையாது. கஞ்சியும் கூழும் தின்னும் ஒரு வயதுப் பிள்ளையின் தாயும் நீயும் ஒன்றல்ல.

கர்ப்பிணிகளைப் பற்றிய ஆய்வுகள் ஒன்றோடொன்று முட்டுகின்றன. 2018-இல், 22 ஆய்வுகளில் இருந்த 31,374 கர்ப்பங்களைத் தொகுத்துப் பார்த்தவர்கள், நோன்பினால் பிள்ளையின் எடை குறைந்ததாகவோ குறைமாதப் பிரசவம் கூடியதாகவோ தெரியவில்லை என்றார்கள்; நச்சுக்கொடியின் எடை மட்டும் குறைந்திருந்தது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து அரபுத் தாய்மாரின் பிரசவப் பதிவுகளை வைத்து 2011-இல் எழுதியவர்கள், ரமலானைக் கருவில் கடந்த பிள்ளைகளின் எடை சற்றுக் குறைந்திருப்பதாகக் கண்டார்கள். நல்ல உடல்நிலையோடு, டாக்டரைக் கேட்டு, ஸஹரை விடாமல் வைக்கும் ஒரு கர்ப்பிணியை நான் தடுக்க மாட்டேன். ஆனால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் உடம்பு பட்டினியைத் தாங்கும் விதமே வேறு. மற்றவர்களுக்கு ஒரு முழு நாள் பட்டினியில் நேர்வது கர்ப்பிணிக்கு ஒரு வேளை தவறினாலே தொடங்கிவிடுகிறது. சர்க்கரை வேகமாக இறங்கி, உடம்பு கொழுப்பை எரித்துக் கீட்டோன் சேர்க்கிறது. அதற்கு மேல் இன்சுலினும் போட்டுக்கொண்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன்.

இனி மார்க்கத்தின் பக்கம். நமக்கு ஓதிக்கொடுத்த ஆலிமாவிடம் போய், உன் கேள்வியையும் தங்கச்சியின் கேள்வியையும் சேர்த்தே கேட்டேன். அதே திண்ணை, அதே கண்ணாடி, பிழையாக ஓதினால் அதே பார்வை. பயணியிடமிருந்து தொழுகையில் பாதியையும், பயணி, கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோரிடமிருந்து நோன்பையும் அல்லாஹ் இறக்கிவைத்தான் என்ற நபிமொழியை முதலில் சொன்னார். பிறகு நாம் பின்பற்றும் சட்டப் பள்ளியான ஷாஃபி மத்ஹபின் சட்டத்தை விளக்கினார். தன் உடலுக்கோ, தனக்கும் பிள்ளைக்கும் சேர்த்தோ பயந்து நோன்பை விட்டால் களா மட்டும் போதும். பிள்ளைக்காக மட்டும் பயந்து நோன்பை விட்டால் களாவோடு நாளொன்றுக்கு ‘முத்து’ என்ற அளவையில் ஒரு முத்து அரிசி ஃபித்யாவாக ஏழைக்குக் கொடுக்க வேண்டும். உன் பகுதிப் பள்ளிவாசல் இமாம் களா மட்டும் போதும் என்று சொன்னது ஹனஃபி மத்ஹபின்படி. அவர் தவறாகச் சொல்லவில்லை. இப்னு அப்பாஸ், இப்னு உமர் ஆகிய நபித்தோழர்கள், இப்படிப்பட்டவர்கள் உணவு கொடுத்தாலே போதும், களா இல்லை என்று சொன்னதாகவும் அறிவிப்பு இருக்கிறது. நாம் நம் மத்ஹபையே பிடித்துக்கொள்வோம் என்றார். பிறகு தங்கச்சியைப் பற்றிச் சொன்னபோது அவருடைய குரல் மாறிவிட்டது. உயிருக்கோ பிள்ளைக்கோ ஆபத்து என்று அஞ்சும் நிலையில் நோன்பை விடுவது சலுகை அல்ல, கடமை. அந்த நிலையில் நோன்பைத் தொடர்வதுதான் ஹராம் என்றார். இத்தனை வருடம் அவரிடம் ஓதியும் இந்த ஒரு வரியை நாங்கள் யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை. முப்பதும் வைத்த என் கதையை மட்டும் சொல்லியிருக்கிறோம்.

ஆனால் சட்டம் தெரிந்த பிறகும் அவளுடைய கடைசிக் கேள்வி என்னை விடவில்லை. ரமலானில் ஊரே சேர்ந்து பசித்திருக்கிறது. ஸஹருக்கு எழுப்பும் குரல், அஸருக்கே மணக்கத் தொடங்கும் கஞ்சி, தராவீஹ் முடிந்து முடுக்கு வழியே கூட்டமாக வீடு திரும்பும் பெண்கள், எல்லாமாகச் சேர்ந்து ஒருத்தியின் நோன்பைத் தூக்கிச் சுமக்கின்றன. களா நோன்புக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. தனியாக எழுந்து, நேற்று மீந்த சோற்றைத் தனியாகத் தின்று, வீட்டில் எல்லோருக்கும் மூன்று வேளையும் சமைத்துப் பரிமாறிவிட்டு, மஃரிபுக்கு ஒரு பேரீச்சம்பழத்தோடு அடுப்படியில் நின்றபடியே நோன்பு திறக்க வேண்டும். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு மாதவிடாய் நாட்களின் களா வருடந்தோறும் வேறு சேருகிறது. காரணமின்றி அடுத்த ரமலானைத் தாண்டினால் ஃபித்யாவும் கூடும். உடம்பு முடியாமலே எத்தனையோ பெண்கள் ரமலானில் வைத்துவிடுவதற்கு, பக்தியோடு கூட, இந்தத் தனிமையின் மீதுள்ள பயமும் காரணம் என்று நான் இப்போது உறுதியாக நம்புகிறேன். ஆண்கள் இதை அறியமாட்டார்கள். மச்சானிடம் சொன்னேன், நெடுநேரம் ஒன்றும் பேசாமல் இருந்தார். மறுநாள், இனி நீங்கள் களா வைக்கும் நாளில் நானும் வைக்கிறேன் என்றார்.

ஆயிஷா நாயகி அவர்களே, விடுபட்ட ரமலான் நோன்புகளை அடுத்த ரமலானுக்கு முந்தைய மாதமான ஷஃபானில்தான் வைக்க முடிந்தது என்று சொல்லியிருப்பதை ஆலிமா நினைவுபடுத்தினார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வீட்டிலேயே களா பத்து மாதத்துக்கு மேல் காத்திருந்திருக்கிறது என்பதைக் கேட்டதும் தங்கச்சி முதல்முறையாகச் சிரித்தாள். அவளுடையதை இரண்டு வருடம் கழித்து வைப்பதற்கும் வழி இருக்கிறது. கர்ப்பமும் பாலூட்டலும் தொடரும் வரை தாமதத்துக்கு அவளுக்குக் காரணம் இருக்கிறது.

எனவே ஒரு யோசனை. வரும் டிசம்பரில் தொடங்கி, திங்களும் வியாழனும் நீ அங்கேயும் நான் இங்கேயும் ஒரே நாளில் களா வைப்போம். உன் பிள்ளைக்கு அதற்குள் ஒரு வயது தாண்டிவிடும். ஸஹரில் நீ என்னை எழுப்ப முடியாது, நான்தான் ஐந்தரை மணி நேரம் முந்தியவள். ஆனால் உன் ஃபோனில் ஒரு செய்தி காத்திருக்கும். இந்த மாதத்தில் உனக்கும் எனக்கும் பகல் ஏறக்குறைய ஒரே அளவு. டிசம்பரில் உனக்கு நாலு மணிக்கே சூரியன் மறைந்துவிடும், பத்து மணி நேரத்துக்குள் நோன்பு முடிந்துவிடும். நம் ஊரிலோ கோடைக்கும் குளிருக்கும் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். இதில் எனக்குப் பொறாமை உண்டு, மறைக்கவில்லை. தங்கச்சி பிறகு சேர்ந்துகொள்வாள். தைக்காவுக்கு வரும் இன்னும் நான்கு பேரிடமும் பேசியிருக்கிறேன். அன்றைய நாட்களில் எங்கள் வீட்டில் கஞ்சி காய்ச்ச உம்மா ஒப்புக்கொண்டுவிட்டார்.

நீ இந்த வருடம் மீதி நோன்புகளை விட்டுவிடு என்று உரிமையோடு சொல்கிறேன். வைத்தே ஆக வேண்டும் என்று மனம் அடித்துக்கொண்டால், பிள்ளையின் துணிகளை எண்ணு, எடையைப் பார், தலை சுற்றினாலோ சிறுநீர் அடர்ந்தாலோ அந்த நிமிடமே முறித்துவிடு. ஃபித்யா அரிசியை இங்கே நான் கொடுத்துவிடுகிறேன். நாளுக்கு ஒரு முத்து என்றாலும் முக்கால் கிலோவாகவே அளக்கிறேன், குறை வராது.

தங்கச்சி இப்போது மதியம் கூடத்தில் உட்கார்ந்தே சாப்பிடுகிறாள். முதல் இரண்டு நாள் அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டாள். மூன்றாம் நாள் உம்மாவே தட்டைக் கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்து, அவள் சாப்பிட்டு முடிக்கும் வரை பக்கத்தில் அமர்ந்திருந்தார். உம்மாவுக்கு நோன்பு. 2016-ஐப் பற்றி அவர் இப்போது பேசுவதில்லை. என் பிள்ளையின் எடையைப் பற்றி நான் அவரிடமும் சொல்லிவிட்டேன்.

எனக்குப் பாக்கி பதினேழு. உன்னுடையது 2016-இலிருந்து எத்தனை என்று எண்ணி எழுது. கணக்குப் பரீட்சையில் என் தாளைப் பார்த்து எழுதியது போல் இதிலும் பதினேழு என்று போட்டு அனுப்பிவிடாதே.

மூத்தவனுக்கும் சின்னவனுக்கும் என் முத்தம். துஆவில் தங்கச்சியைச் சேர்த்துக்கொள்.

வஸ்ஸலாம்,
உன் தோழி