ஆண்டறிக்கை: இந்த ஆண்டு நம்மைப் பேச வைத்த பல்லி

சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மழையில் நின்றுபோன ஒன்றைத் தவிர மாதக் கூட்டங்கள் எல்லாம் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் அண்ணாச்சி வாசிப்பார். நான் நேராகப் பல்லிக்கு வந்துவிடுகிறேன்.

நம் மேற்கு மலையில் டிராவிடோகெக்கோ என்றொரு பல்லிப் பேரினம், அதாவது நெருங்கிய உறவுள்ள இனங்களின் கூட்டம், உண்டு. இரவில் மரப்பட்டையிலும் சுவரிலும் திரிவது. 1875இல் ஆனைமலைப் பல்லிக்குப் பெயர் வைத்ததோடு சரி, 2019 வரை அந்தப் பேரினத்தில் அது ஒன்றுதான் என்றே இருந்தது. அந்த ஆண்டு ஒரே ஆய்வுக் கட்டுரையில் ஆறு புது இனங்கள் வந்தன. ஒன்று நம் மாஞ்சோலைப் பல்லி. டக்ளஸ் ஆடம்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளரின் பெயரை அதற்கு வைத்தார்கள். இன்னொன்றுக்குத் தாவரவியலாளர் ஜானகி அம்மாள் பெயர். மற்றொன்றுக்கு ‘தொல்பல்லி’ என்று நம் தமிழ்ச் சொல்லே. கூட்டத்தில் அதைச் சொன்னதும் கைதட்டினார்கள். எனக்கும் நெஞ்சு நிறைந்தது.

அன்று சங்க அறை ஜன்னல் கண்ணாடியில் ஒரு வீட்டுப்பல்லி வெளிப்பக்கமாக ஏறியது. உள்ளிருந்து லென்ஸ் வைத்துப் பார்த்தோம். விரலுக்கடியில் வரிவரியாகத் தகடுகள், பெரும்பாலும் நடுவில் பிளந்து இரண்டிரண்டாக. மாஞ்சோலைப் பல்லிக்கு அந்தத் தகடு பிளவில்லாமல் முழுசாக இருக்கும். அப்புறம் இனத்துக்கு இனம் பிரிக்க, ஆண் பல்லியின் தொடைக்கு அடியில் வரிசையாக இருக்கும் சின்னத் துளைகளை ஒன்றுவிடாமல் எண்ண வேண்டும், செதிலை எண்ண வேண்டும், அருங்காட்சியகப் பாட்டிலில் கிடக்கும் பழைய பல்லியோடு ஒப்பிட வேண்டும், மரபணுவையும் பார்க்க வேண்டும். கண்ணில் பட்ட அன்றே புது இனம் ஆகிவிடாது. எத்தனை பொறுமை வேண்டும் என்று அன்றுதான் புரிந்தது.

களக்காடு முண்டந்துறைக் காட்டின் ஆரஞ்சு உதட்டு ஓணானும் அப்படித்தான். மரத்திலேயே வாழ்வது. 2008இல் விவரித்தபோது நம் வேலி ஓணானின் பேரினத்தில் சேர்த்தார்கள். 2018இல் அதற்கென்றே மைக்ரோஆரிஸ் என்று தனிப் பேரினம் வந்தது. செவிப்பறை சிறியது என்பதால் அந்தப் பெயர்.

பள்ளிப் பிள்ளைகள் வந்திருந்த அன்று, ஓணான் பிடிக்க வைக்கும் ஈர்க்குச் சுருக்கு பற்றிப் பேச்சு வந்தது. ஆய்வாளர்களும் நீளக் கழி நுனியில் நூல் சுருக்குக் கட்டித்தான் ஓணான் பிடிக்கிறார்கள், ஆனால் வனத்துறை அனுமதியோடு. நாம் சுருக்கும் வைக்க வேண்டாம், கல்லும் எறிய வேண்டாம். சின்ன வயசில் நான் கல்லால் அடித்த ஓணான் இன்னும் என் மனசில் கிடக்கிறது. அதைப் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னேன்.

வரும் ஆண்டுக்கு ஒரு பதிவு நோட்டுப் போட்டிருக்கிறோம். எந்த மரம், எவ்வளவு உயரம், எத்தனை மணி என்று எழுதினால் போதும். நோட்டு மேசையில் இருக்கிறது, பேனாவை நூலில் கட்டி வைத்திருக்கிறேன். முதல் வரி ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுதியது: “வாகை மரம். என் தலைக்கு மேலே ரெண்டு முழம். காலை எட்டு மணி. தொண்டை சிவந்த ஓணான், என்னையே பார்த்தது.”

செயலாளர்